ஒரு கோரூட்டீன் நூலகத்தை எல்லா இயங்குதளங்களிலும் பில்ட் ஆக வைப்பது எப்படி?

கோரூட்டீன் என்பது பாதியில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரக்கூடிய ஃபங்ஷன். அதற்காக உபுண்டுவில் எழுதிய சின்ன நூலகம். இரண்டே நொடியில் பில்ட் ஆனது, சோதனைகள் எல்லாம் தேறின. அதே கோப்புகளை ஆல்பைன் லினக்ஸ் கண்டெய்னருக்குள் போட்டு ஓட்டினேன். கம்பைல் முடியும் வரை ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை, கடைசியில் லிங்கர் மட்டும் மேக்கான்டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷனைக் காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது. ஹெடர் கோப்பு இருக்கிறது, அதற்குள் அந்த ஃபங்ஷனின் அறிவிப்பும் இருக்கிறது, ஃபங்ஷன்தான் இல்லை. இரண்டும் லினக்ஸ்தான். ஆனால் சி மொழியின் அடிப்படை நூலகமாக உபுண்டுவில் இருப்பது ஜிலிப்சி, ஆல்பைனில் இருப்பது மசல். மசல் அந்த ஃபங்ஷன்களை அறிவிப்பதோடு சரி, எழுதி வைக்கவில்லை.

பல இயங்குதளங்களுக்கு பில்ட் அமைக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். இயங்குதளத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். 'லினக்ஸ் என்றால் இது, விண்டோஸ் என்றால் அது' என்று எழுதிய பில்ட் கோப்பு சீக்கிரமே பொய் சொல்ல ஆரம்பிக்கும். வேண்டிய பொருள் அங்கே இருக்கிறதா என்று கம்பைலரையும் லிங்கரையும் கேளுங்கள், அவை சொல்வதை வைத்து முடிவெடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை எப்படிக் கேட்பது என்பதைப் பற்றித்தான்.

சி மொழியும், பில்ட் கருவியான சிமேக்கும் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஃபங்ஷன், மேக்ரோ பெயர்களை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். சிமேக் பெயர்களிலும் மேக்ரோக்களிலும் சொல்லுக்குச் சொல் நடுவே அடிக்கோடு வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மாறும்போது என்ன நடக்கிறது?

ஒரு ஃபங்ஷன் பாதியில் நின்று, இன்னொன்றுக்கு வழிவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். அதுவரை அதன் உள்ளூர் மாறிகள் கலையக் கூடாது. அதனால் ஒவ்வொரு கோரூட்டீனுக்கும் தனி ஸ்டாக் கொடுக்கிறோம். (சி++20-இல் மொழிக்குள்ளேயே வந்தவை வேறு வகை. அவற்றுக்குத் தனி ஸ்டாக் கிடையாது, கம்பைலரே பார்த்துக்கொள்ளும். இங்கே பேசுவது தனி ஸ்டாக் உள்ள வகையை.) ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது என்றால், இப்போதைய ரெஜிஸ்டர்களில் சிலவற்றைப் பழைய ஸ்டாக்கில் எழுதி வைத்துவிட்டு, ஸ்டாக் பாயின்டரைப் புது ஸ்டாக்குக்குத் திருப்பி, அங்கே முன்பு எழுதி வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ரிட்டர்ன். மொத்தம் இருபது வரி அசெம்ப்ளிக்குள் முடிந்துவிடும்.

சிக்கல் அந்த 'சிலவற்றில்' இருக்கிறது. 64 பிட் இன்டெல் கணினியில் லினக்ஸோ மேக்ஓஎஸோ ஓடினால் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை என்று ஆறு ரெஜிஸ்டர்களைக் காப்பாற்றினால் போதும், ஸ்டாக் பாயின்டர் தனி. அதே கணினியில் விண்டோஸைப் போட்டால் இந்த ஆறோடு ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, அப்புறம் எக்ஸ்எம்எம்6 முதல் எக்ஸ்எம்எம்15 வரை பத்து பெரிய ரெஜிஸ்டர்களையும் காப்பாற்ற வேண்டும், அவை மட்டுமே 160 பைட். ஃபங்ஷனுக்கு அனுப்பும் முதல் மதிப்பு லினக்ஸிலும் மேக்ஓஎஸிலும் ஆர்டிஐயில் வரும், விண்டோஸில் ஆர்சிஎக்ஸில் வரும். ஆக, ப்ராசஸர் ஒன்றே ஆனாலும் அசெம்ப்ளி வேறு. ஆர்ம் 64 பிட்டில் எக்ஸ்19 முதல் எக்ஸ்30 வரை, கூடவே டி8 முதல் டி15 வரை.

இந்த வேலையைச் செய்து முடிக்க மூன்று வழிகள் உண்டு. யுனிக்ஸ் வழிவந்த யூகான்டெக்ஸ்ட் ஃபங்ஷன்கள் (மேக்கான்டெக்ஸ்ட், ஸ்வாப்கான்டெக்ஸ்ட் போன்றவை), இதற்காக விண்டோஸே தரும் ஃபைபர், நாமே எழுதும் அசெம்ப்ளி. முதலாவது எழுத எளிது. ஆனால் யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையின் 2001 பதிப்பில் இருந்த அந்த ஃபங்ஷன்களை 2008 பதிப்பில் நீக்கிவிட்டார்கள், அதனால் எங்கும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஜிலிப்சியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிக்னல் மறைப்பைச் சேமிக்க ஒரு சிஸ்டம் கால் போகும், அதனால் மெதுவும்கூட. ஃபைபர் விண்டோஸில் உறுதியாக இருக்கும். அசெம்ப்ளிதான் வேகம், ஆனால் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனியாக எழுத வேண்டும். என் பரிந்துரை: மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அசெம்ப்ளி முதலில், அது இல்லாத இடத்திலும் விண்டோஸிலும் மற்ற இரண்டில் ஒன்று.

படி 1: கோப்புகளைப் பிரியுங்கள்

வெளியே தெரியும் ஹெடர் ஒன்றே ஒன்று. அதில் உருவாக்கு, மாறு, அழி என்று மூன்று ஃபங்ஷன்கள், கோரூட்டீன் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பாயின்டர். யூகான்டெக்ஸ்ட் டி என்ற ஸ்ட்ரக்ட் அந்த வெளி ஹெடருக்குள் வரவே கூடாது. ஏன் என்று மேக்ஓஎஸ் பகுதியில் சொல்கிறேன், அதைப் படித்த பிறகு நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

உள்ளே ஒவ்வொரு வழிக்கும் தனிக் கோப்பு: யூகான்டெக்ஸ்டுக்கு ஒன்று, ஃபைபருக்கு ஒன்று, அசெம்ப்ளிக்கு ஒன்றோ இரண்டோ. ஸ்டாக் ஒதுக்குவதற்கும் தனிக் கோப்பு. ஒரே சி கோப்புக்குள் இஃப்டெஃப் மேல் இஃப்டெஃபாக அடுக்குவது முதல் வாரம் வசதியாகத் தெரியும். நான்காவது இயங்குதளம் வரும்போது எந்த வரி எங்கே கம்பைல் ஆகிறது என்று எழுதியவருக்கே புரியாது.

படி 2: சிமேக்கில் அடித்தளம்

ப்ராஜெக்ட் வரியில் மொழி என்று சி மட்டும் போட்டுத் தொடங்குங்கள். அசெம்ப்ளியை எனேபிள் லாங்குவேஜ் என்ற கட்டளையால் பிறகு சேர்க்கலாம், ஏனென்றால் விஷுவல் ஸ்டுடியோ கம்பைலருக்கு அது வேறு பெயர். அங்கே மாஸ்ம் என்ற அசெம்ப்ளர், சிமேக்கில் அதன் பெயர் ஏஎஸ்எம் மாஸ்ம். 64 பிட் ஆர்ம் விண்டோஸ் என்றால் ஏஎஸ்எம் மார்மாஸ்ம், அது சிமேக் 3.26-இல்தான் வந்தது. மற்ற எல்லா இடத்திலும் வெறும் ஏஎஸ்எம். விண்டோஸ் 64 பிட்டில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் சி கோப்புக்குள் இன்லைன் அசெம்ப்ளி எழுத விடாது, அதனால் தனிக் கோப்பைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, எந்த வழி என்பதைத் தேர்வு செய்ய ஒரு கேஷ் மாறி வையுங்கள். அதன் இயல்பு மதிப்பு 'ஆட்டோ', மற்ற மதிப்புகள் அசெம்ப்ளி, யூகான்டெக்ஸ்ட், ஃபைபர். பில்ட் செய்பவர் கையால் மாற்றிக்கொள்ள இது அவசியம். பிழை தேடும் நாளில் அசெம்ப்ளியை விட்டுவிட்டு யூகான்டெக்ஸ்டுக்கு மாறிப் பார்க்க முடிந்தால், தப்பு உங்கள் அசெம்ப்ளியில் இருக்கிறதா இல்லையா என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். தேர்வு முடிந்ததும் எது தேர்வானது என்பதை மெசேஜ் கட்டளையால் திரையில் காட்டச் சொல்லுங்கள். பிறர் அனுப்பும் பிழை அறிக்கையில் அந்த ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 3: இருக்கிறதா என்று கேளுங்கள்

யூகான்டெக்ஸ்டுக்கு ஹெடர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் செக் இன்க்ளூட் ஃபைல் போதாது. ஆல்பைனில் அது 'இருக்கிறது' என்று சொல்லிவிடும், என்னை ஏமாற்றியது அதுதான். செக் சிம்பல் எக்ஸிஸ்ட்ஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது ஒரு குட்டி நிரலை எழுதி, கம்பைல் செய்து, லிங்கும் செய்து பார்க்கும். மேக்கான்டெக்ஸ்ட், ஸ்வாப்கான்டெக்ஸ்ட் இரண்டுக்கும் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் லிப்யூகான்டெக்ஸ்ட் என்ற தனி நூலகம் இருக்கிறதா என்று இரண்டாவது கேள்வி. ஆல்பைனில் அது ஒரு பேக்கேஜாகவே கிடைக்கிறது, நிறுவிவிட்டு லிங்க் செய்தால் போதும். ஆண்ட்ராய்டின் சி நூலகமான பயானிக்கிலும் ஓபன்பிஎஸ்டியிலும் இந்த ஃபங்ஷன்கள் இல்லை, அங்கே அசெம்ப்ளிதான்.

இதில் மூன்று இடங்களில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஒன்று, சோதனை முடிவை சிமேக் கேஷில் எழுதி வைத்துக்கொள்ளும். நீங்கள் பேக்கேஜை நிறுவிய பிறகும் 'இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பில்ட் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். சிமேக் 3.24 முதல் ஃப்ரெஷ் என்ற தெரிவும் உண்டு.

இரண்டு, வேறொரு கருவிக்காக பில்ட் செய்யும்போது, எந்த கம்பைலர் என்று சிமேக்குக்குச் சொல்லும் டூல்செயின் கோப்பில் ட்ரை கம்பைல் டார்கெட் டைப் என்பதை ஸ்டாட்டிக் லைப்ரரி என்று சிலர் போட்டிருப்பார்கள். அப்போது லிங்க் நடக்காது. லிங்க் நடக்காவிட்டால் சோதனைக்கே பொருளில்லை, இல்லாத ஃபங்ஷனும் 'இருக்கிறது' என்று வரும்.

மூன்று, ஓட்டிப் பார்க்கும் சோதனைகளை, அதாவது செக் சி சோர்ஸ் ரன்ஸ் போன்றவற்றைத் தவிருங்கள். லேப்டாப்பில் உட்கார்ந்து ஆண்ட்ராய்டுக்கு பில்ட் செய்யும்போது அந்தக் குட்டி நிரலை ஓட்ட அங்கே யாரும் இல்லை.

படி 4: மேக்ஓஎஸ், ஒரு மேக்ரோவின் கதை

மேக்ஓஎஸில் யூகான்டெக்ஸ்ட் ஹெடரைச் சேர்த்த உடனேயே கம்பைலர் நிறுத்திவிடும்: கைவிடப்பட்ட இந்த ஃபங்ஷன்கள் வேண்டுமானால் எக்ஸ்ஓப்பன் சோர்ஸ் என்ற மேக்ரோவை வரையறுக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லும். நல்லது, கோப்பின் நடுவில் அந்த ஹெடருக்கு ஒரு வரி மேலே வரையறுத்துவிட்டேன். பில்ட் ஆனது. ஓடும்போது, முதல் மாற்றம் சரி, இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு சம்பந்தமே இல்லாத ஒரு மாறியின் மதிப்பு மாறியிருந்தது. ஒரு முழு மாலை போனது.

காரணம் இதுதான். அந்த மேக்ரோ இருந்தால் யூகான்டெக்ஸ்ட் டி ஸ்ட்ரக்டின் கடைசியில், ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் இடமும் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே வரும். மேக்ரோ இல்லாவிட்டால் வராது. என் கோப்பில் அதற்கு முன்பே சேர்த்திருந்த சிக்னல் ஹெடர், மேக்ரோ இல்லாத நிலையில் ஸ்ட்ரக்டைச் சின்ன அளவிலேயே வரையறுத்துவிட்டது. பிறகு நான் மேக்ரோவை வரையறுத்தது ஃபங்ஷன்களைத் திறந்துவிட்டதே தவிர ஸ்ட்ரக்டின் அளவை மாற்றவில்லை. கெட்கான்டெக்ஸ்ட் பெரிய ஸ்ட்ரக்ட் என்று நினைத்து எழுத, அது பக்கத்து நினைவகத்தின் மேல் விழுந்தது. ஹெடர்களை நான் வைத்த வரிசைதான் தப்பு.

அதனால் அந்த மேக்ரோவை கோப்புக்குள் எழுதவே எழுதாதீர்கள். டார்கெட் கம்பைல் டெஃபினிஷன்ஸ் வழியாக சிமேக்கிலிருந்து கொடுங்கள், அப்போது எந்த ஹெடருக்கும் முன்னால் அது வந்துவிடும். படி 3-இல் சொன்ன சோதனைக்கும் அதே மேக்ரோ வேண்டும். ரெக்வயர்ட் டெஃபினிஷன்ஸ் என்ற சிமேக் மாறியில் வைத்துவிட்டுச் சோதியுங்கள், இல்லையென்றால் மேக்ஓஎஸில் 'இல்லை' என்று பதில் வரும். அந்த மேக்ரோவை மட்டும் கொடுத்தால் இன்னொரு பக்கம் இடிக்கும், நினைவகம் ஒதுக்கும் எம்மேப் ஃபங்ஷனுக்குத் தேவையான மேப் அனான் போன்ற பெயர்கள் மறைந்துவிடும். டார்வின் சி சோர்ஸ் என்ற மேக்ரோவையும் சேர்த்துக் கொடுத்தால் அவை திரும்ப வரும்.

வெளி ஹெடரில் அந்த ஸ்ட்ரக்ட் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். உங்கள் நூலகம் மேக்ரோவோடு கம்பைல் ஆகும், அதைப் பயன்படுத்துகிறவரின் நிரல் மேக்ரோ இல்லாமல் கம்பைல் ஆகும். ஒரே ஸ்ட்ரக்டுக்கு இரண்டு அளவு. லிங்கர் இதைக் கண்டுபிடிக்காது.

படி 5: விண்டோஸ் ஃபைபர்

இது சீக்கிரம் முடியும். முதலில் கன்வர்ட் த்ரெட் டு ஃபைபர் ஈஎக்ஸ் என்று கூப்பிட்டு இப்போதைய த்ரெட்டையே ஃபைபராக மாற்ற வேண்டும். ஆனால் உங்கள் நூலகத்தைப் பயன்படுத்துபவர் ஏற்கெனவே மாற்றியிருக்கலாம், அதனால் இஸ் த்ரெட் எ ஃபைபர் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் கிரியேட் ஃபைபர் ஈஎக்ஸ், ஸ்விட்ச் டு ஃபைபர், டெலீட் ஃபைபர். கிரியேட் ஃபைபரின் ஈஎக்ஸ் இல்லாத பழைய வடிவத்தில் ஸ்டாக்குக்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்று சொல்ல முடியாது, தொடக்கத்தில் எவ்வளவு உண்மையாக எடுத்துக்கொள்வது என்பதை மட்டுமே சொல்லலாம். ஈஎக்ஸ் வடிவத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். 32 பிட் பில்டும் உண்டு என்றால் ஃப்ளோட் ஸ்விட்ச் என்ற கொடியையும் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஃபைபரின் முதன்மை ஃபங்ஷன் சாதாரணமாக ரிட்டர்ன் ஆனால் அது ஓடிய த்ரெட்டே முடிந்துவிடும், எனவே கடைசியில் கட்டாயம் வேறு ஃபைபருக்கு மாற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைபர் தன்னைத்தானே டெலீட் செய்தாலும் அதே கதிதான்.

படி 6: அசெம்ப்ளி

இங்கே நிதானமாகப் படியுங்கள், அதிகம் உடைவது இந்த இடத்தில்தான்.

எந்த அசெம்ப்ளிக் கோப்பு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மூன்று விஷயங்கள்: ப்ராசஸர், ஃபங்ஷன்கள் மதிப்புகளை அனுப்பும் மரபு, பைனரி கோப்பின் வடிவம். லினக்ஸ் என்றால் எல்ஃப், மேக்ஓஎஸ் என்றால் மாக்-ஓ, விண்டோஸ் என்றால் பிஈ. பலரும் சிமேக்கின் சிஸ்டம் ப்ராசஸர் என்ற மாறியைப் பார்த்து முடிவெடுப்பார்கள். அதை நம்பாதீர்கள். ஒரே 64 பிட் இன்டெல் வகைக்கு லினக்ஸில் எக்ஸ்86 64 என்று வரும், விண்டோஸில் பெரிய எழுத்தில் ஏஎம்டி64 என்று வரும், ஃப்ரீபிஎஸ்டியில் அதுவே சின்ன எழுத்தில் வரும். ஆர்ம் 64 என்றால் லினக்ஸில் ஏஆர்ச்64, மேக்கில் ஆர்ம்64. போதாக்குறைக்கு மேக்கில் இரண்டு ப்ராசஸர்களுக்கும் சேர்த்து ஒரே பைனரி உருவாக்கும் வழி இருக்கிறது, அதில் ஒரே கோப்பு இருமுறை கம்பைல் ஆகும், சிஸ்டம் ப்ராசஸர் மாறியோ ஒரே ஒரு மதிப்பைத்தான் சொல்லும்.

இதற்கு நல்ல தீர்வு உண்டு. அசெம்ப்ளிக் கோப்பின் பின்னொட்டாகப் பெரிய எழுத்து எஸ் போடுங்கள். சின்ன எஸ் என்றால் அது நேராக அசெம்ப்ளருக்குப் போகும், பெரிய எஸ் என்றால் முதலில் சி ப்ரீப்ராசஸர் வழியாகப் போகும். அப்போது கோப்புக்குள்ளேயே இஃப் டிஃபைன்ட் போட்டு, கம்பைலர் தானாக வரையறுக்கும் மேக்ரோக்களைக் கேட்கலாம்: எக்ஸ்86 64, ஏஆர்ச்64, வின்32, ஆப்பிள், எல்ஃப். எந்த ப்ராசஸருக்கு கம்பைல் செய்கிறோம் என்று கம்பைலரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. மேக்கின் இரட்டை பைனரியும் இதில் தானாகச் சரியாகிவிடும்.

ஜிசிசி கம்பைலரின் விண்டோஸ் வடிவமான மின்ஜிடபிள்யூ விண்டோஸில் ஓடுகிறது, ஆனால் அதன் அசெம்ப்ளர் லினக்ஸில் இருக்கும் அதே காஸ் (குனு அசெம்ப்ளர்). எனவே கோப்பு பெரிய எஸ் கோப்புதான், மாஸ்ம் அல்ல. ஆனால் காப்பாற்ற வேண்டிய ரெஜிஸ்டர்கள் விண்டோஸ் மரபுப்படி. விண்டோஸில் யுனிக்ஸ் சூழலைத் தரும் சிக்வினும் 64 பிட்டில் விண்டோஸ் மரபையே பின்பற்றுகிறது, ஆனால் அங்கே வின்32 மேக்ரோ இருக்காது, சிக்வின் என்ற மேக்ரோ இருக்கும். இரண்டையும் கேளுங்கள். 'விண்டோஸா?' என்று சிமேக்கில் கேட்டு நேராக மாஸ்முக்குப் போன பில்ட் கோப்புகள் எல்லாம் இங்கேதான் உடைகின்றன. கேட்க வேண்டிய கேள்வி 'எம்எஸ்விசியா?', அதாவது மைக்ரோசாஃப்ட் கம்பைலரா என்பது.

மேக்ஓஎஸில் சி ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் பைனரியில் ஒரு அடிக்கோடு சேரும். அசெம்ப்ளியில் நீங்களே சேர்க்காவிட்டால் லிங்கருக்குக் கிடைக்காது. யூசர் லேபிள் ப்ரிஃபிக்ஸ் என்ற மேக்ரோவை வைத்துப் பெயரை ஒட்டினால் எல்லா இடத்துக்கும் ஒரே வரி போதும். டைப், சைஸ் என்ற அசெம்ப்ளர் கட்டளைகள் எல்ஃபுக்கு மட்டும் உரியவை, மாக்-ஓவில் பிழை வரும், அவற்றை எல்ஃப் மேக்ரோவுக்குள் வையுங்கள்.

எல்ஃபில் இன்னொன்று, தயவுசெய்து இதை மறக்காதீர்கள். கோப்பின் கடைசியில் நோட் குனு-ஸ்டாக் என்ற காலி செக்ஷனைச் சேர்க்க வேண்டும். சி கோப்புகளுக்கு கம்பைலரே சேர்த்துவிடும், கையால் எழுதிய அசெம்ப்ளிக்கு நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இந்த நிரலுக்கு ஸ்டாக்கிலேயே நிரலை ஓட்டும் உரிமை வேண்டும் போல என்று லிங்கர் எடுத்துக்கொண்டு, நிரல் முழுவதற்கும் அந்த உரிமையைக் கொடுத்துவிடும். உங்கள் இருபது வரி அசெம்ப்ளிக்காக, உங்கள் நூலகத்தை நம்பிய எல்லா நிரல்களின் பாதுகாப்பும் இறங்கிவிடும். 2022-இல் வந்த, லிங்கர் அடங்கிய தொகுப்பான பைன்யூட்டில்ஸ் 2.39 முதல் லிங்கர் இதை எச்சரிக்கிறது. ஜிலிப்சி 2.41 முதல், ஓடும்போது நூலகத்தை ஏற்றும் டிஎல்ஓப்பன் இதற்காக ஸ்டாக்கின் உரிமையை மாற்றித் தருவதில்லை, அப்படிப்பட்ட நூலகத்தை ஏற்றவே மறுத்துவிடும்.

விண்டோஸில் அசெம்ப்ளியால் மாறுகிறீர்கள் என்றால் ரெஜிஸ்டர்களோடு வேலை முடியாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டாக்கின் மேல் எல்லை, கீழ் எல்லை, ஒதுக்கிய இடம் மூன்றும் ஒரு தகவல் தொகுதியில் எழுதப்பட்டிருக்கும், மாறும்போது அவற்றையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் எக்ஸெப்ஷன் வரும் நாள் வரை எல்லாம் நன்றாக ஓடும், அன்று நிரல் சத்தமில்லாமல் செத்துப்போகும். எனக்குக் கேட்டால், வேகம் உயிர்போகும் தேவையாக இல்லாதவரை விண்டோஸில் ஃபைபரோடு நில்லுங்கள். அதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

படி 7: ஸ்டாக்கை ஒதுக்குவது

மேலாக்கில் ஒதுக்கினாலும் ஓடும். ஆனால் ஸ்டாக் நிரம்பி வழிந்தால் பக்கத்தில் இருப்பதை அழித்துக்கொண்டே போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எம்மேப்பால் ஒதுக்கி, கீழ்க் கோடியில் ஒரு நினைவகப் பக்கத்தை எம்ப்ரொடெக்ட் என்ற ஃபங்ஷனால் பூட்டிவிடுங்கள். வழிந்தால் அங்கேயே நிரல் நின்றுவிடும், பிழை இருக்கும் இடத்திலேயே.

பக்கத்தின் அளவு 4096 என்று எழுதாதீர்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் அது 16 கேபி, சில ஆர்ம் லினக்ஸ்களில் 64 கேபி. சிஸ்கான்ஃப் என்ற ஃபங்ஷனைக் கேட்டு, ஸ்டாக் அளவை அதன் மடங்குக்கு உயர்த்துங்கள். அளவுக்கு சிக்ஸ்டாக்எஸ்இசட் என்ற மாறிலியைப் பயன்படுத்தும் பழைய எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு. 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34 முதல், குனு சோர்ஸ் மேக்ரோ போட்டால் அது மாறிலியே அல்ல, ஓடும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும் மதிப்பு. அதை அளவாக வைத்து குளோபல் அரே அறிவித்திருந்த கோப்புகள் எல்லாம் கம்பைல் ஆகாமல் நின்றன. உங்களுக்கு வேண்டிய அளவை நீங்களே ஒரு எண்ணாகச் சொல்லிவிடுங்கள். 64 கேபி நல்ல தொடக்கம், உள்ளே பிரின்ட்எஃப் போன்றவற்றைக் கூப்பிடுவீர்கள் என்றால் அதற்குக் கீழே போக வேண்டாம்.

ஓபன்பிஎஸ்டியில் 6.4 பதிப்பு முதல் எம்மேப்புக்கு மேப் ஸ்டாக் என்ற கொடி கட்டாயம். அது இல்லாத நினைவகத்தில் ஸ்டாக் பாயின்டர் நிற்கும்போது சிஸ்டம் கால் செய்தால் கெர்னல் நிரலைக் கொன்றுவிடும். அந்தக் கொடியின் பெயர் இருக்கிற இடத்தில் எல்லாம் போட்டுவிடுங்கள், லினக்ஸிலும் தீங்கில்லை.

படி 8: கம்பைலர் கொடிகள்

லாங்ஜம்ப் வைத்து கோரூட்டீன் மாறும் பழைய வித்தை ஒன்று உண்டு. உபுண்டுவில் ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால் ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்புச் சோதனை தானாக இயங்கும், அது அந்தத் தாவலைக் கண்டு, ஸ்டாக் ஃப்ரேம் சரியில்லை என்று நிரலை நிறுத்திவிடும். இந்த வித்தையைத் தொடாதீர்கள்.

த்ரெட் லோக்கல் மாறிகளும் கவனிக்க வேண்டியவை. ஒரு த்ரெட்டில் நின்ற கோரூட்டீன் இன்னொரு த்ரெட்டில் தொடர்ந்தால், கம்பைலர் முன்பே கணக்கிட்டு வைத்த முகவரி பழைய த்ரெட்டுடையதாக இருக்கும். எம்எஸ்விசியில் இதற்கென்றே ஜிடி என்ற கொடி இருக்கிறது. ஜிசிசி, க்ளாங்கில் அப்படி ஒன்று இல்லாததால், அந்த மாறியைத் தொடுவதைத் தனி ஃபங்ஷனில் வைத்து நோஇன்லைன் போடுங்கள், அதைவிட நல்லது, த்ரெட் விட்டு த்ரெட் மாற்றாமலே இருப்பது.

நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டும்போது ஸ்டாக் மாறியதை அதற்குச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் ஸ்விட்ச் ஃபைபர், ஃபினிஷ் ஸ்விட்ச் ஃபைபர் என்று அதற்கான ஃபங்ஷன்கள் இருக்கின்றன. சொல்லாவிட்டால் இல்லாத பிழைகளைக் காட்டும்.

படி 9: சோதனை

'மாறியது, திரும்பியது' என்று மட்டும் பார்க்கும் சோதனை எதையும் பிடிக்காது. என் சோதனைக் கோப்பில் இருப்பவை இவை. கோரூட்டீனுக்குள் பிரின்ட்எஃபால் ஒரு தசம எண்ணை அச்சிடுவது: இன்டெல் 64 பிட்டில் ஸ்டாக் பாயின்டர் 16-இன் மடங்குக் கணக்குக்கு ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் இங்கேதான் நிரல் விழும், முழு எண்ணை அச்சிட்டால் தப்பித்துவிடும். மாறுவதற்கு முன் நிறைய தசம மதிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, மாறித் திரும்பிய பின் கூட்டிப் பார்ப்பது: விண்டோஸில் எக்ஸ்எம்எம்மை மறந்திருந்தால் இது காட்டிக்கொடுக்கும். ஒரு லட்சம் கோரூட்டீன்களை உருவாக்கி அழிப்பது: எம்மேப்பைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தால் தெரியும். இவை எல்லாம் ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒரு முறை, முழு ஆப்டிமைசேஷனோடு ஒரு முறை. ரெஜிஸ்டர் பிழைகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் தலைகாட்டும்.

தானாக பில்ட் செய்து சோதிக்கும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் உபுண்டு, மேக்ஓஎஸ், விண்டோஸ் மூன்றையும் ஒரே மேட்ரிக்ஸில் வைக்கலாம். அதோடு ஆல்பைன் கண்டெய்னர் ஒன்று, மின்ஜிடபிள்யூ ஒன்று கண்டிப்பாகச் சேருங்கள். பெயரை நம்பி எழுதிய பில்ட் கோப்பைக் காட்டிக்கொடுப்பவை இந்த இரண்டும்தான். ஆர்ம் லினக்ஸ் கணினி இல்லையென்றால், வேறு ப்ராசஸரைப் போல நடிக்கும் கியூஈமியூ போதும், மெதுவாக ஓடினாலும் சரியாக ஓடும்.

சொந்தமாக எழுத வேண்டாம் என்றால்

பூஸ்ட் கான்டெக்ஸ்ட் என்ற சி++ நூலகம் இருக்கிறது, பலருக்கும் அதுவே போதும். மேலே சொன்னவற்றைப் படித்திருந்தால் அதன் தெரிவுகள் உங்களுக்குப் புதிதாக இருக்காது: இம்ப்ளிமென்டேஷன் என்பதில் எஃப்கான்டெக்ஸ்ட், யூகான்டெக்ஸ்ட், வின்ஃபிப் என்று மூன்று. அப்புறம் ஆர்க்கிடெக்சர், ஏபிஐ, பைனரி ஃபார்மேட், அசெம்ப்ளர் என்று தனித்தனி மாறிகள். பொதுவாகத் தானே கண்டுபிடித்துவிடும், வேறொரு கருவிக்கு பில்ட் செய்து அது தவறாக ஊகித்தால் மட்டும் நீங்கள் கையால் கொடுங்கள். ஒன்றில் கவனம் வேண்டும். நூலகத்தை யூகான்டெக்ஸ்ட் வழியில் பில்ட் செய்தால், அதைப் பயன்படுத்தும் உங்கள் நிரலையும் பூஸ்ட் யூஸ் யூகான்டெக்ஸ்ட் என்ற மேக்ரோவோடுதான் கம்பைல் செய்ய வேண்டும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறொன்று என்று விட்டுவிட்டு, பிறகு பிழையைத் தங்கள் நிரலுக்குள் நாள் கணக்கில் தேடியவர்கள் உண்டு. அந்த வரியை டார்கெட் கம்பைல் டெஃபினிஷன்ஸில் சேர்த்துவிட்டு பில்ட் கோப்புறையை அழித்து முதலிலிருந்து கட்டுங்கள்.